பால் கொடுக்காதவளைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள்

"அவ புள்ளைக்குப் பால் குடுக்கிறதில்ல. அப்ப அந்த நோய்தான்." எச்.ஐ.வி.யைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இறக்குவானையில் கேட்ட பேச்சு எட்டியாந்தோட்டையிலும் ஒரு சொல் மாறாமல் காதில் விழுகிறது. தோட்டத்துப் பீலிக்கரையில் சொல்கிறார்கள், பிள்ளைக் காம்பராவில் சொல்கிறார்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் சொல்கிறார்கள். உயர்தரம் படித்த பிள்ளைகளும் சேர்ந்து சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு தாய் பால் கொடுக்காமல் இருக்க நூறு காரணம் உண்டு. குறைமாதப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கலாம். அவள் குடிக்கும் வேறு ஏதாவது மருந்து பாலில் கலக்கக்கூடாததாக இருக்கலாம். பால் சுரப்பே குறைந்திருக்கலாம். மறுபக்கம், எச்.ஐ.வி. உள்ள தாய் ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டு, மார்பில் பால் கொடுத்து, நோயில்லாத பிள்ளையை வளர்க்கவும் முடியும். ஆகவே அடுப்படியில் பால்மாப் பெட்டியைப் பார்த்துவிட்டு நோய்க்குப் பெயர் வைக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம்.

இந்தப் பேச்சுக்கு அடியில் பழைய பயம் ஒன்று கிடக்கிறது: தாய்க்கு எச்.ஐ.வி. என்றால் ஒரு சொட்டுப் பால் போனாலும் பிள்ளைக்கு நிச்சயம் என்பது. மருந்தே இல்லாத காலத்திலும் அது உண்மையில்லை. அப்போது கர்ப்பம், பிரசவம், பாலூட்டல் மூன்றையும் சேர்த்து நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத்தான் தொற்றியது. அதில் பாலின் பங்கு 5 முதல் 20. அதைச் சிறிய எண்ணிக்கை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் மருந்தில்லாமலே தப்பினார்கள்.

இன்றைக்கு நிலைமையே வேறு. தினமும் மாத்திரை எடுக்கும் தாயின் இரத்தத்தில் வைரஸ் சோதனைக்கும் அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்து 2018இல் வெளியான 'ப்ரொமிஸ்' ஆய்வில், மருந்தின் பாதுகாப்போடு தாய்ப்பால் குடித்த ஆயிரம் பிள்ளைகளில் ஒரு வருடத்தில் தொற்று வந்தது ஏறக்குறைய ஆறு பேருக்கு. பூச்சியம் இல்லைதான், அதனால்தான் மருந்தை ஒரு நாளும் தவறவிடக்கூடாது என்று தொண்டை வறளச் சொல்கிறோம். சிகிச்சையில் இருக்கும் தாய் குறைந்தது 12 மாதம் பால் கொடுக்கலாம், 24 மாதமும் அதற்கு மேலும் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் எழுதியே வைத்திருக்கிறது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று அதே நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டா இன்னும் பீலிக்கரையில் தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

சில தாய்மாருக்கு வைத்தியர் பால்மாவைச் சொல்வார். அது தாயும் வைத்தியரும் எடுக்கும் முடிவு. அந்த முடிவை லயத்துக்குள் காப்பாற்றுவது எவ்வளவு பாடு தெரியுமா? ஒரே காம்பரா, விறகு அடுப்பு. நடுச்சாமத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தால் புகை சுவர் தாண்டிப் போகும், கூடவே கேள்வியும் வரும். பிள்ளை பார்க்க வந்த பெரியம்மா, "ஏன்டி, பால் இல்லையா? போட்டுப் பாரேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அவர் வாயை அடைக்க வழியில்லாமல் தாய் பிள்ளையை மார்பில் போடுகிறாள். மாமியார் தன் பங்குக்குக் கொத்தமல்லித் தண்ணீர் புகட்டுகிறார். அது கொஞ்சம், இது கொஞ்சம்.

அந்த அரைகுறைதான் ஆபத்து. தாய்மாருக்குத் தொடர் சிகிச்சை கிடைக்காத காலத்தில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. முதல் ஆறு மாதம் தனித் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளை விட, தாய்ப்பாலோடு திட உணவும் கொடுக்கப்பட்டவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பதினொரு மடங்கு என்றது அது. வேறு உணவு குழந்தையின் இளங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழி விடுகிறது என்பது விளக்கம். இன்று தாயின் மருந்து அந்த ஆபத்தையும் வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் வதந்திக்குப் பயந்தவள் முதலில் ஒளிப்பது மாத்திரையைத்தான். ஒளித்த மாத்திரை நேரத்துக்கு வாய்க்குப் போகாது. பிள்ளைக்கு நோய் வந்துவிடும் என்று கவலைப்படுகிற அதே வாய்தான் அந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

பால்மா என்றாலே பாதுகாப்பு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொட்ஸ்வானாவில் எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்கு அரசாங்கமே பால்மாவை இலவசமாகக் கொடுத்தது. 2006இல் கடும் மழைக்குப் பிறகு வயிற்றோட்டம் பரவியபோது இறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். மழைக்குப் பீலித் தண்ணீர் செம்மண்ணாக வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால்மா எடுப்பவர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, போத்தலை விட்டுக் கோப்பையில் புகட்டட்டும்.

மற்றவை சில்லறை. பிள்ளைக் காம்பராவில் ஒரே கோப்பையில் குடித்தால் தொற்றாது. நுளம்பு கடித்தும் தொற்றாது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தாயின் எதிர்ப்புப் பொருள் பிள்ளை இரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கக்கூடும், அதனால்தான் சிறு பிள்ளைக்கு பி.சி.ஆர். சோதனை. மார்புக் காம்பு வெடித்தால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும், மறுபக்கம் பால் கொடுக்கலாம். கசாயம் குடித்து மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

நான் விடாமல் கேட்டுவரும் ஒன்று இருக்கிறது. 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் தெரணியகலைத் தோட்டத்துப் பெண் சிங்களம் விளங்காமல், துணைக்கு அடுத்த காம்பரா அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறாள். வைத்தியர் சொல்லும் இரகசியம் அக்காவின் காது வழியாகத்தான் அவளுக்கு வருகிறது. அந்த இரகசியம் பொழுது சாய்வதற்குள் லயத்துக்கு வந்துவிடும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர், கிழமைக்கு ஒரு நாளாவது, கதவை மூடிக்கொண்டு அவளோடு தனியே பேச வேண்டும். தோட்டப் பகுதிகளுக்கு நியமிக்கும் மருத்துவமாதுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்மார் சம்பளப் பேச்சுக்குக் கொழும்பு போகும்போது இதையும் மனுவில் எழுதிக்கொண்டு போகட்டும்.