ஈதலும் ஏற்றலும்

நுழையும்முன்

யோகம் என்றவுடன் உடலை வளைத்துச் செய்யும் ஆசனங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆசனத்திற்கு முன்பே பயில வேண்டிய ஒழுக்கங்கள் சிலவற்றை யோகநூல்கள் வகுத்துள்ளன. பகிர்ந்து உண்ணுதலும் தேவைக்கு மேல் பெறாமையும் அவற்றுள் அடங்கும். பயன் கருதாமல் கொடுக்கவும் தாழ்வு கருதாமல் பெறவும் யோகநெறி நம்மை எவ்வாறு பழக்குகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏரி கற்பிக்கும் பாடம்

சென்னையின் தென்புறத்தில், தாம்பரத்திற்கும் பள்ளிக்கரணைக்கும் இடைப்பட்ட ஊர்களுள் ஒன்று கோவிலம்பாக்கம். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்துள்ள இப்பகுதியைச் சுற்றி ஏரிகள் பல உள்ளன. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் நாராயணபுரம் ஏரியைச் சேரும்; அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடையும். நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டால் ஏரி வறண்டுபோகும். மிகைநீர் வழியும் கலங்கல் அடைபட்டால் கரை உடையும். ஏற்கும் வழியும் ஈயும் வழியும் திறந்திருந்தால்தான் ஏரி நிலைக்கும்.

மனித வாழ்வும் அத்தகையதே. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. தென்சென்னைப் புறநகர்கள் பல நீரில் மூழ்கின. மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். முன்பின் அறியாதோர் உணவும் உடையும் அளித்தனர். அதுவரை கொடுத்தே பழகிய கைகளும் அந்நாளில் உணவுப் பொட்டலத்திற்காக நீள நேர்ந்தது. கொடுப்பவர், பெறுபவர் என்னும் பிரிவு நிலையானதன்று என்பதை அவ்வெள்ளம் உணர்த்தியது. கொடுக்கும்போது செருக்கும் பெறும்போது நாணமும் எழாமல் மனத்தைக் காப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு யோகநெறி விடை தருகிறது.

யோகத்தின் முதற்படி

பதஞ்சலி முனிவர் யோகத்தின் உறுப்புகளாக எட்டினைக் கூறுவார். அவை இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பனவாம். முதல் உறுப்பாகிய இயமத்தின் ஐந்து ஒழுக்கங்களுள் ஒன்று அபரிக்கிரகம். தேவைக்கு மேல் பெறாமையும் சேர்த்து வைக்காமையும் அதன் பொருள். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவ்வெட்டு உறுப்புகளையும் தமிழில் விளக்குகிறார். இயமத்தில் நிற்போனின் இயல்புகளுள் ஒன்றாகப் பகுத்துண்ணுதலையும், நியமத்தின் கூறுகளுள் ஒன்றாகத் தானத்தையும் அவர் வைத்துள்ளார். எனவே, பசித்தவருடன் உணவைப் பகிர்வது யோகம் பயின்றபின் செய்யும் அறமன்று. யோகத்தின் தொடக்கமே அதுதான்.

நான்காம் உறுப்பாகிய பிராணாயாமமும் இதனையே உடலுக்குக் கற்பிக்கிறது. மூச்சை உள்ளிழுத்தல் பூரகம், நிறுத்துதல் கும்பகம், வெளிவிடுதல் இரேசகம். உள்ளிழுத்துக்கொண்டே இருக்கவும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கவும் எவராலும் இயலாது. மூச்சை விடும்போது இழந்தோம் என்று நாம் வருந்துவதில்லை; வாங்கும்போது இரந்தோம் என்று நாணுவதுமில்லை. அவ்வியல்பான மனநிலை கொடையிலும் அமைதல் வேண்டும்.

கொடையின் வகை

பயனில் பற்றுவையாது கடமையாற்றுதலைக் கருமயோகம் எனப் பகவத்கீதை கூறுகிறது. அதன் பதினேழாம் இயல் கொடையை மூவகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு செய்ய இயலாதவர்க்கு உரிய இடத்தில், உரிய காலத்தில் கடமையென எண்ணி அளிப்பது முதல்வகை. பயனை எதிர்பார்த்தோ மனவருத்தத்துடனோ அளிப்பது இரண்டாம் வகை. இடமும் காலமும் நோக்காது இகழ்ச்சியுடன் அளிப்பது மூன்றாம் வகை. பொருள் ஒன்றாயினும் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்து அதன் தகுதி மாறுகிறது.

பத்தமடை தந்த யோகி

இந்நெறியை வாழ்ந்து காட்டியவர் சுவாமி சிவானந்தர். இவர் 1887ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்தவர். மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றிய இவர், அவ்வாழ்வைத் துறந்து 1924ஆம் ஆண்டு இமயமலை அடிவாரத்திலுள்ள ரிஷிகேஷை அடைந்து துறவு பூண்டார். அன்னசத்திரத்தில் பெற்ற உணவை உண்டு தவம் புரிந்தார். நோயுற்ற துறவியர்க்கும் வழிப்போக்கர்க்கும் தாமே மருந்தளித்தார். 1927ஆம் ஆண்டு, தம் காப்பீட்டிலிருந்து கிடைத்த பணத்தைக்கொண்டு இலட்சுமண் ஜூலா என்னுமிடத்தில் இலவச மருந்தகம் தொடங்கினார். உணவை ஏற்ற அதே கையால் மருந்தை ஈந்த அவர், இரண்டையும் யோகமாகவே கொண்டார்.

ஏற்போரின் பெருமை

கொடுப்பவரைப் புகழ்ந்த தமிழ் இலக்கியம் ஏற்பவரின் பெருமிதத்தையும் போற்றியது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். தம் தகுதியறிந்து தரின் மிகச் சிறிய பரிசிலும் தமக்கு இனிது என்றார் (புறநானூறு 208). அப்புலவரே குமண வள்ளலிடம் பெருஞ்செல்வம் பெற்றபோது, அதனைச் சேர்த்து வைக்க எண்ணாமல் சுற்றத்தார்க்கும் பிறர்க்கும் கொடுக்குமாறு தம் மனைவியிடம் கூறினார் (புறநானூறு 163). பெருமை குன்றாமல் ஏற்றதும், ஏற்றதைத் தேக்காமல் ஈந்ததும் அவர் வாழ்வில் இணைந்திருந்தன.

தெரியுமா?

வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்குரிய நிலத்தைப் பார்வதிபுரம் மக்கள் வழங்கினர். ஊரார் ஈந்ததை ஏற்று, பசித்தோர்க்கு உணவாக அவர் ஈந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

நம் கடமை

யோகம் பயில மலைக்குகைகளைத் தேட வேண்டியதில்லை. வகுப்பில் நண்பனுக்கு ஐயம் தீர்த்துவிட்டு, அதனைப் பிறரிடம் சொல்லிக்காட்டாமல் இருப்பது ஈதல் பயிற்சி. நமக்கு விளங்காததை நாணமின்றிக் கேட்டறிந்து, உதவியவரை நன்றியுடன் நினைப்பது ஏற்றல் பயிற்சி. நாள்தோறும் சில நிமிடங்கள் அமர்ந்து மூச்சின் வரவையும் செலவையும் கவனிப்போம். வாழ்வில் பெற்றதும் கொடுத்ததும் அவ்வாறே நிகழட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, எங்குச் செல்கிறது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து குறிப்பு எழுதுக.
2. ஏற்பவரின் பெருமிதத்தைப் பெருஞ்சித்திரனார் வாழ்வின்வழி விளக்குக.
3. ‘கொடுப்பதினும் பெறுவதே கடினம்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.