பாடசாலைப் புஸ்தகப் பெட்டியும் ஐக்கிய சங்கமும்

கடன் கொடுக்க அஞ்சும் ஐக்கிய சங்கம் ஒன்று உண்டென்று வைத்துக்கொள்வோம். பங்குத்தொகை பெட்டியில் பத்திரமாக இருக்கும். தவணை தவறிய பாக்கி ஒரு காசும் இராது. தணிக்கையில் ஆட்சேபணை எழாது. அங்கத்தினருக்கு மட்டும் அதனால் யாதொரு பிரயோஜனமும் இராது. நம் ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் சிறுவர் புஸ்தகங்கள் இந்நிலையிலேயே அலமாரிக்குள் இருக்கின்றன.

இதற்காக உபாத்தியாயரைக் குறை கூறுதல் நியாயமன்று. இருப்புப் பதிவேட்டில் கையொப்பமிட்டவர் அவர். மாற்றலாகிச் செல்லுங்கால் எண்ணிக்கை குறைந்தால் கைப்பணத்தால் ஈடு செய்ய நேருமோ என்று அஞ்சுகிறார். காணாமற்போன புஸ்தகத்திற்குப் பதில் சொல்ல வேண்டும். எவரும் படியாத புஸ்தகத்திற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பூட்டுகிறார்.

சீர்காழியிற் பிறந்து, சென்னைச் சர்வகலாசாலையில் நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது, புஸ்தகம் உபயோகத்திற்கென்றே உள்ளது என்பதாகும். அதே ஆண்டில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியிற் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவ்வண்டி மைல் கணக்கில் நடந்தது. நாமோ, பாடசாலைக்கு வந்து சேர்ந்துவிட்ட புஸ்தகத்தை அடுத்த தெருவிலுள்ள வீட்டிற்கு அனுப்பத் தயங்குகிறோம்.

நஷ்டம் எவ்வளவு வரும்? மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), வழங்கப்படும் ஆயிரம் புஸ்தகங்களுக்கு ஆண்டில் ஐந்து தொலைவதை, நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ இல்லாவிடில், இயல்பான இழப்பாக ஏற்கின்றன. நம் ஊர்ப் பாடசாலைகளை அவ்விதி கட்டுப்படுத்தாதெனினும் அளவுகோலாகக் கொள்ளலாம். 40 பிள்ளைகள், வாரத்திற்கு ஒரு புஸ்தகம், 30 வாரங்கள் எனில் 1,200 முறை வழங்கல். இழப்பு 6 புஸ்தகங்கள். ஒன்று 50 ரூபாய் எனில் 300 ரூபாய். பிள்ளைகள் ஆகையால் இரு மடங்கே போகட்டும், 600 ரூபாய்தான். இத்தொகைக்காக ஓர் ஊர்ப் பிள்ளைகளின் வாசிப்பைப் பூட்டி வைப்பது, கணக்குப் பார்க்கும் உத்தியோகத்திலுள்ள எனக்கும் நல்ல கணக்காகத் தோன்றவில்லை.

இப்பொறுப்பை ஐக்கிய சங்கம் ஏற்கலாம். லாபத்தில் நாலில் ஒரு பங்கு சேமநிதிக்குப் போனபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்து வரை ரிஜிஸ்டிராரின் அனுமதியுடன் தர்ம காரியங்களுக்கு உதவ 1912-ஆம் ஆண்டுச் சட்டமே இடங்கொடுத்தது. கல்வியும் அதில் அடங்கும். இக்காலச் சட்டமும் தங்கள் சங்கத்தின் உபவிதிகளும் எவ்வளவு அனுமதிக்கின்றன என்பதைக் காரியதரிசியிடம் கேட்டறிந்து, மகாசபையில் தீர்மானம் கொண்டுவருக. தொலைந்த புஸ்தகத்திற்குச் சங்கம் மாற்றுப் புஸ்தகம் வாங்கித் தரும் என்று தலைமை உபாத்தியாயருக்கு எழுத்தில் கொடுத்தல் அவசியம். வாய்ச்சொல்லை நம்பிப் பூட்டைத் திறக்கமாட்டார்.

வழங்கும் முறை நமக்குப் புதிதன்று. பேரேட்டில் பிள்ளையின் பெயர், புஸ்தக எண், எடுத்த தேதி, திருப்பிய தேதி. எடுக்கும்போது பிள்ளையே கையெழுத்திடட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் குமாஸ்தாக்களாக இருக்கலாம். அபராதம் வேண்டா. அபராதத்திற்கு அஞ்சும் பிள்ளை புஸ்தகத்தையும் கொண்டுவராது, தானும் வராது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு புஸ்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக உள்ளன. வகுப்பைப் பாராமல், தடையின்றி வாசிக்க வரும் படியிலிருந்தே தொடங்குதல் நலம்.

வீட்டுக்குப் போகும் புஸ்தகத்தைப் பிள்ளை மட்டுமா படிக்கிறது? தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் தாய்மார் பலர். கையும் கண்ணும் இலையில் இருக்கும். காது சும்மா இருக்கிறது. கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிலாளர், 1865 முதல், தங்கள் கூலியிலிருந்தே பணம் கொடுத்து, வேலை நேரத்தில் உரக்கப் படித்துக் காட்ட ஒருவரை அமர்த்திக்கொண்டனர். நம் வீடுகளில் அதற்குக் கூலியின்றியே ஆள் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும், கேட்பவர் ஒருவர் இருப்பதைப்போன்ற ஊக்கம் வேறில்லை.

குற்றாலத்தைச் சூழ்ந்த ஊர்களுக்கு ஒரு வார்த்தை. பாடசாலை திறக்கும் ஜூனிலேயே சாரலும் தொடங்கிவிடுகிறது. அட்டை நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சியும் சேரும். பிள்ளைக்கொரு துணிப்பை, உள்ளே நனையாத காகித உறை, இவ்விரண்டும் சங்கச் செலவிலேயே ஆகட்டும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, வெயில் கண்ட நாளில் புஸ்தகங்களை விரித்துக் காற்றாட விடுக. வாரந்தோறும் கை மாறும் புஸ்தகத்தில் பூச்சி அவ்வளவாகத் தங்காது.