போத்தலை ஏன் அலசக்கூடாது?

மாணவர்களே, குடிநீரைப் பரிசோதிக்க மாதிரி எடுக்க வரும் சுகாதாரப் பணியாளரின் போத்தலைப் பார்த்திருக்கிறீர்களா? கிருமி நீக்கிய அந்தப் போத்தலின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூளோ சிறு மாத்திரையோ கிடக்கும். அழுக்கு என்று நினைத்து அலசிவிட்டால் பரிசோதனையே கெட்டுவிடும். வகுப்பில் கேட்டால் பலரும், “முதலில் அலசவேண்டும், டீச்சர்” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பியூரெட்டை அலசச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்!

அந்தப் பொருள் சோடியம் தயோசல்பேட். குழாய் நீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை அது செயலிழக்கச் செய்கிறது. இல்லையென்றால் போத்தலுக்குள்ளும் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். மாதிரி ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதற்குள் மாசடைந்த நீரும் நல்ல நீராகத் தெரியும். குழாயைத் திறந்த அந்த நொடியில் நீர் எப்படி இருந்தது என்பதுதான் நமக்குத் தெரியவேண்டும். போத்தலை ஐஸ் பெட்டியில் வைப்பதும் இதற்காகவே: வழியில் கிருமிகள் பெருகவும் கூடாது, சாகவும் கூடாது.

ஆய்வுக்கூடம் முக்கியமாகத் தேடுவது இ.கோலை பாக்டீரியாவை. இதன் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்பவை. ஆனால் நீரில் இது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலத்தோடு டைபாய்டு, காலரா கிருமிகளும் வந்திருக்கலாம். அதனால்தான் 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஓர் இ.கோலைகூட இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி.

இதைக் கண்டுபிடிக்கும் ஒரு முறையில், நீரில் ஊட்டப்பொருள் கலந்த தூளைப் போட்டு, 35 பாகை செல்சியசில் ஏறத்தாழ 24 மணி நேரம் வைப்பார்கள். நீர் மஞ்சளானால் கோலிபார்ம் பாக்டீரியா உண்டு. புறஊதா ஒளியில் நீலமாகவும் ஒளிர்ந்தால் இ.கோலை உண்டு. அதன் நொதி ஒரு சேர்மத்தை உடைப்பதால் வரும் ஒளி அது.

சிக்கல் அந்த 24 மணி நேரத்தில்தான் இருக்கிறது. முடிவு வருவதற்குள் ஊரே அந்த நீரைக் குடித்திருக்கும்! ஆகவே பணியாளர் குழாயடியிலேயே குளோரினையும் அளக்கிறார். டி.பி.டி. மாத்திரையைப் போட்டால் நீர் இளஞ்சிவப்பாகும். நிறம் அடர்ந்தால் குளோரின் அதிகம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கவேண்டும். நிறமே வராவிட்டால் அப்போதே எச்சரிக்கை.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள வாக்கர்டன் என்னும் சிற்றூரில் 2000 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். கனமழையில் மாட்டுச் சாணத்தின் கிருமிகள் ஊரின் குடிநீர்க் கிணறு ஒன்றில் கலந்தன. இது நோய் தரும் இ.கோலை வகை. மே 15-இல் எடுத்த மாதிரிகளில் இ.கோலை இருப்பது 17-ஆம் தேதியே குடிநீர் நிர்வாகத்துக்குத் தெரிந்தது. சுகாதார அலுவலகத்துக்கு அதைச் சொல்லவில்லை. மக்கள் நோயுறுவதைக் கண்ட அந்த அலுவலகம், ஆய்வு முடிவுக்குக் காத்திராமல் 21-ஆம் தேதியே நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவித்தது. அது தானே எடுத்த மாதிரிகளின் முடிவு 23-இல்தான் வந்தது. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேர் அளவில் நோயுற்றார்கள்.

அந்தக் கிணற்று நீரில் நாள்தோறும் குளோரின் அளவைப் பார்த்திருக்கவேண்டும். பதிவேட்டில் எண்கள் என்னவோ இருந்தன. அவற்றில் பல, அளக்காமலேயே எழுதப்பட்டவை என்று பின்னர் விசாரணையில் தெரியவந்தது.