தன்னைத் தின்று தளிர்க்கும் தேயிலை

கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் கியா பார்ம் சந்தையில் இறங்காமல் திரும்புவதில்லை. சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஸ்ட்ராபெரியும் வாங்கிய பிறகு, பக்கத்தில் பிரியும் குனோங் பிரிஞ்சாங் சாலையில் வண்டியைத் திருப்பினால், 1929-இல் தொடங்கப்பட்ட போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் கண்முன் விரிகிறது. படம் எடுக்கிறோம், தேநீர் அருந்துகிறோம், திரும்பிவிடுகிறோம்.

அடுத்த முறை ஒரு செடியின் அருகே சற்றுக் குனிந்து பாருங்கள். உச்சியில் இளம்பச்சைக் கொழுந்து. அதன் கீழே கரும்பச்சையாய் முற்றிய இலைகள். இன்னும் கீழே, நிழலில், மஞ்சளாகி விழக் காத்திருக்கும் ஓரிரு கிழட்டு இலைகள். அந்த இலைகளின் பச்சை எங்கே போயிற்று? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலை ஒரு களஞ்சியம்

செடிக்கு மிகவும் தேவைப்படும் சத்துகளுள் ஒன்று நைட்ரஜன். ஓர் இலையில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பசுங்கணிகங்களில்தான் இருக்கிறது. அதிலும் கணிசமான பங்கு, காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துத் தரும் ரூபிஸ்கோ எனும் புரதத்தில் அடங்கியுள்ளது. நிழலில் கிடக்கும் கிழட்டு இலைக்கு இந்தப் புரதத்தால் இனிப் பயனில்லை. வெயிலைப் பார்க்கும் கொழுந்துக்கோ அது உயிர்நாடி. எனவே செடி, இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள புரதங்களை உடைத்து, அமினோ அமிலங்களாக்கி, பட்டைக் குழாய்களின் வழியே மேலே அனுப்புகிறது.

அப்போது பச்சையமும் சிதைகிறது. முன்பே அங்கிருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. பச்சையத்தில் இருக்கும் நைட்ரஜனைச் செடி பெரும்பாலும் மீட்டெடுப்பதில்லை என்பது வியப்பான செய்தி. பச்சையத்தோடு பிணைந்துள்ள புரதங்களை விடுவிக்கவும், தனித்துவிடப்பட்ட பச்சையம் ஒளிபட்டு உயிரணுவைச் சேதப்படுத்தாமல் தடுக்கவுமே அது உடைக்கப்படுகிறது.

உயிரணுவின் உள்ளே

உயிரணு தன் பாகங்களை உடைப்பதற்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதலாவது, வேண்டாத புரதத்தின்மேல் யுபிக்விட்டின் எனும் சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டி, புரோட்டியசோம் எனும் அரைவை எந்திரத்திற்கு அனுப்புவது. இது புரதங்களை ஒவ்வொன்றாக உடைக்கும்.

இரண்டாவது வழி தன்னுண்ணல். இதில் பெரிய துண்டுகளும் முழு உறுப்புகளும்கூட ஒரே வாயில் விழுங்கப்படுகின்றன. முதலில் உயிரணுச் சாற்றில் கிண்ணம் போன்ற ஒரு சவ்வு தோன்றுகிறது. அது வளர்ந்து, உடைக்கப்பட வேண்டிய பொருளைச் சுற்றி வளைத்து, இரட்டைச் சவ்வு கொண்ட பையாக மூடிக்கொள்கிறது. இந்தப் பை வாக்குவோலை அடைந்து அதனோடு ஒட்டி, உள்ளிருப்பதைக் கொட்டுகிறது. தாவர உயிரணுவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் இந்த வாக்குவோல் வெறும் தண்ணீர்த் தொட்டியன்று. நொதிகள் நிறைந்த வயிறும்கூட. அங்கே உடைந்த பொருள்கள் மீண்டும் பயன்பாட்டிற்கு வருகின்றன. சத்து நிறைந்திருக்கும் வேளையில் 'டோர்' எனும் புரதம் இந்த வேலையை அடக்கி வைக்கிறது. பஞ்சம் வந்தால் அந்தப் பிடி தளர்கிறது.

கண்டறிந்த கதை

1963-இல் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியன் தெ துவ் இதற்குப் பெயர் சூட்டினார். ஆனால் அது எவ்வாறு நடக்கிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. ஜப்பானியரான யோஷினோரி ஓசுமி 1988 முதல் ஈஸ்ட் உயிரணுக்களைப் பட்டினி போட்டு ஆராய்ந்தார். வாக்குவோலின் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டில், விழுங்கப்பட்ட உருண்டைகள் செரிக்காமல் குவிவதை நுண்ணோக்கியில் கண்டார். 1993-இல் இதற்குத் தேவையான 15 மரபணுக்களை அவர் குழு அடையாளம் கண்டது. 2016-இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

2002-இல், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் இந்த மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து பார்த்தனர். தன்னைத் தின்ன முடியாத செடி நெடுநாள் பசுமையாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? மாறாக, அதன் இலைகள் முன்கூட்டியே மஞ்சளாயின. பஞ்சத்தை அதனால் தாங்க முடியவில்லை. பழுதானவற்றை அகற்றாததால் சாலிசிலிக் அமிலம் போன்ற சமிக்ஞைகள் மிகுந்து மூப்பை விரைவுபடுத்துவதாக 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தன்னுண்ணல் தற்கொலையன்று, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கும் வேலை என்பது இதனால் விளங்கும்.

தோட்டத்திற்கு இதனால் என்ன?

இயற்கையில் இலை தன் சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டே விழுகிறது. கொழுந்தை நாம் பறிக்கும்போது அந்தக் கணக்கு முறிகிறது. உலர்ந்த கொழுந்தின் எடையில் ஏறக்குறைய 4 முதல் 5 விழுக்காடு நைட்ரஜன். அப்படியானால் 1000 கிலோ தேயிலைத் தூள் மலையிறங்கும்போது அதனோடு 40 முதல் 50 கிலோ நைட்ரஜனும் இறங்குகிறது. செடி எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இந்த இழப்பை அதனால் ஈடுகட்ட முடியாது. உரம் போட்டே ஆகவேண்டும். அளவுக்கு மீறிப் போட்டால் மழை அதை ஆற்றில் சேர்த்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து செய்யும்போதும் இதே கணக்குதான். இலையெல்லாம் இழந்த செடி, வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை உடைத்தே மீண்டும் தளிர்க்கிறது. வெட்டிய கிளைகளை விறகுக்கு எடுத்துச் செல்லாமல் வரிசைகளுக்கிடையே விட்டால், அவை மட்கிச் சத்தை மண்ணுக்குத் திருப்பித் தரும். செடி தனக்குள் செய்வதைத் தோட்டம் தன் மண்ணில் செய்வதாகும் இது.

பறித்த கொழுந்தும் உடனே இறந்துவிடுவதில்லை. ஆலையில் வாடவிடப்படும் மணிநேரங்களில் அது மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. வேரிலிருந்து எதுவும் வராத நிலையில் அதன் புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. பின்னர் அவை தேநீரின் சுவைக்கும் மணத்திற்கும் உதவுகின்றன. நாம் குடிக்கும் ஒவ்வொரு குவளையிலும் பசித்த இலையின் கடைசி உழைப்பு கலந்திருக்கிறது.

நண்பர்களே, நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கூடை சுமந்து ஏறிய சரிவுகள் இவை. எந்த இலையைப் பறிக்கவேண்டும், எதைச் செடிக்கு விட்டுவைக்கவேண்டும் என்பதை அவர்கள் விரல் நுனியில் அறிந்திருந்தனர். முற்றிய இலையைச் செடியில் விட்டுவைப்பது ஏன் என்பதற்கு அறிவியல் இன்று காரணம் சொல்கிறது. அக்காரணத்தைத் தமிழில் எடுத்துச் சொல்வது, அவர்களுக்குப் பின் படிக்க வந்த நம் பொறுப்பு.