பழைய ராணுவ ரைபிள்: முத்திரை படிப்பதும் மதிப்புப் போடுவதும்

நம் சங்கப் பத்திரிகையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். மில்லர்புரத்திலும் சுற்றுப்புறத்திலும் பழைய வீடு, கிட்டங்கி ஆகியவற்றை உள்ளே கிடக்கும் சாமானோடு சேர்த்து விலைபேசி வாங்குவோர் நம்மில் உண்டு. துறைமுகத்தில் இறங்கும் பழைய இரும்பைக் கையாளுவோர் உண்டு. பெரியவர் காலமான பின் பீரோவுக்குப் பின்னால் துணி சுற்றிய துப்பாக்கியைக் கண்டெடுக்கும் குடும்பங்களும் உண்டு. அப்பொழுது ஒரு தரகர் வந்து, "இது வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு, லட்சம் போகும்" என்பார். அவருக்குப் பதில் சொல்லுமுன் அந்த இரும்பில் என்ன வெட்டியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. எடைக்கல்லில் அடித்த முத்திரையைக் கண்டதும் எந்த ஆண்டு, எந்தக் காலாண்டு என்று நாம் சொல்லிவிடுகிறோம். ரைபிளும் அப்படியே. ஆனால் உள்ளே தோட்டா இல்லை என்று விவரம் தெரிந்தவர் ஒருவர் சோதித்துச் சொல்லும் வரை யாரும் தொடக்கூடாது.

நம் நாட்டில் ராணுவத்திலும் போலீசிலும் கழித்த ரைபிள் என்றால் பெரும்பாலும் லீ-என்ஃபீல்டு வகைதான். 'த்ரீ நாட் த்ரீ' என்று எல்லோரும் சொல்வது. உத்தரப்பிரதேசப் போலீஸ் இதற்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, மரக்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கம் பாருங்கள். மேலே கிரீடம், அதன் கீழ் அரசர் பெயரெழுத்து, பிறகு தொழிற்சாலை, ஆண்டு, மாடல் என்று வரிசையாக இருக்கும். 'என்ஃபீல்டு', 'பி.எஸ்.ஏ.', 'எல்.எஸ்.ஏ.' என்றிருந்தால் இங்கிலாந்துச் சரக்கு. 'லித்கோ' என்றால் ஆஸ்திரேலியா. 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்தும் 'இஷாப்பூர்' என்ற பெயரும் இருந்தால் கல்கத்தாவுக்கு அருகே உள்ள நம் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தது. சுதந்திரத்துக்குப் பின் கிரீடம் போய் அசோகச் சிங்கமும் 'ஆர்.எஃப்.ஐ.' எழுத்தும் வந்தன. 1962 சீனப் போருக்குப் பின் அதே இஷாப்பூரில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த ரைபிளில் '2ஏ' அல்லது '2ஏ1' என்றிருக்கும். அதன் தோட்டாப் பெட்டி சற்றுச் சதுரமாக இருக்கும்.

அடுத்தது நெம்பர். குழல், சட்டம், போல்ட் கைப்பிடியின் பின்புறம், முன் மூக்கு இரும்பு ஆகியவற்றில் ஒரே நெம்பர் இருந்தால் துப்பாக்கி கலப்பில்லாதது. வெளிநாட்டில் சேகரிப்போர் முதலில் பார்ப்பது இதைத்தான். பிறகு குழலின் உட்புறம், பிறகு மரம். பளபளவென்று மெருகேற்றிக் கொடுத்தால் அவர்கள் விலையைக் குறைப்பார்கள். பித்தளைக் குத்துவிளக்கு வியாபாரம் வேறு, இது வேறு. 'டி.பி.' என்று குத்தியிருந்தால் கவாத்துப் பழகுவதற்கென்று ஒதுக்கிய துப்பாக்கி, சுடுவதற்கு ஆகாது.

போலியும் உண்டு. இன்றைய பாகிஸ்தானின் கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் முதலிய ஊர்களில் கைவேலையாகச் செய்தவற்றில் ஆங்கில எழுத்து தலைகீழாகவோ பிழையாகவோ இருக்கும். விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் இறந்தார். அவர் பெயரெழுத்துக்குக் கீழே 1907, 1910 என்று ஆண்டு போட்டிருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இனி விலைக்கு வருவோம். மேற்சொன்ன மதிப்பெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் அந்தந்த ஊர்ச் சட்டத்துக்கு உட்பட்டு. நம் நாட்டில் விலையைத் தீர்மானிப்பது ஆண்டும் அல்ல, கிரீடமும் அல்ல. அது எந்தத் தோட்டாவைச் சுடும் என்பதுதான். 303, 7.62 ராணுவத் தோட்டாவைச் சுடும் ரைபிள்களை ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் என்று இஷாப்பூரில் 303-ஐ மாற்றி, உள்ளே வரியில்லாத குழலோடு '410 மஸ்கட்' செய்தார்கள். "குழல் வழவழப்பாக இருக்கிறது, சாதாரண வேட்டைத் துப்பாக்கிதான்" என்று தரகர் சொல்லுவார். அந்த 410 மஸ்கட்டும் அதே தடைப் பட்டியலில் பெயர் சொல்லி இருக்கிறது. மத்திய அரசின் தனி அனுமதியில்லாமல் இப்படிப்பட்டதை வாங்கினாலோ வைத்திருந்தாலோ, 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை ஏழு ஆண்டிலிருந்து பதினான்கு ஆண்டு வரை. ஆகவே சாதாரண வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் இதன் விலை பூஜ்யம்.

"துருப்பிடித்தது, சுடாது, பழம்பொருள்தானே?" என்பது அடுத்த வாதம். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழம்பொருளுக்கு விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள நிபந்தனை. போல்ட்டைக் கழற்றி வைத்தால் போதாது. முக்கியமான உறுப்புகள் தனியாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. பழைய இரும்பு அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனிக் குழலை எடைக்குப் போடலாம் என்று எண்ண வேண்டாம். 2004 செப்டம்பரில் சாகிபாபாத் உருக்காலை ஒன்றில் வெளிநாட்டு இரும்போடு வந்த வெடிகுண்டு வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அதற்குப் பின்தான் கப்பலில் ஏற்றுமுன் ஆய்வுச் சான்று வேண்டும் என்ற விதி இறுகியது. சான்று இருந்தாலும் குவியலை நம் ஆள் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வீட்டில் அகப்பட்டால், பொருளை அங்கேயே விட்டுவிட்டு முதலில் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுங்கள். தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபரில்தான் பிரிந்தது. அதற்கு முந்தியது என்றால் திருநெல்வேலிப் பதிவில் இருக்கும். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசு தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். தடையில்லாத வகை என்றால் தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம், அல்லது முறைப்படி விற்கலாம். ஒப்படைக்கப் புறப்படுமுன் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும் முறைப்படி கொண்டு போங்கள். கொடுத்ததற்கு நெம்பர், மாடல், ஆண்டு மூன்றையும் எழுதி ரசீது வாங்குங்கள். 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று மட்டும் எழுதிய ரசீதை ஏற்க வேண்டாம்.