கேம் பெட்டி சினிமா காட்டுவது எப்படி?



வீடியோ கேம் பெட்டி என்றாலே "பையன் கெட்டுப் போறதுக்கு வழி" என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெட்டி ஒரு முழுக் கம்ப்யூட்டர். விளையாட்டு, பாட்டு, போட்டோ, சினிமா எல்லாம் அதில் ஓடும். இன்னொரு விசேஷமும் உண்டு. கடையில் வாங்கிய நாளில் அதற்குத் தெரியாத ஒரு வேலையை, ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்றாமல், பிறகு சொல்லிக் கொடுக்க முடியும். அதற்குப் பெயர்தான் சாஃப்ட்வேர் அப்டேட். அது எப்படி நடக்கிறது, அதில் நமக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்பதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்களுக்கு மட்டுமல்ல, மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கும் புரிய வேண்டும் என்பதே என் ஆசை.

1. படத்தைச் சுருக்குவது ஏன்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நோட்டில் போட்டுப் பாருங்கள். முழு எச்.டி. படத்தில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். ஆக ஒரு படத்துக்குச் சுமார் 62 லட்சம் பைட். நம் நாட்டு டிவி முறையில் நொடிக்கு 25 படம். அப்படிப் பார்த்தால் நொடிக்கு 15 கோடியே 55 லட்சம் பைட்! 4.7 ஜிகாபைட் டிவிடியில் அரை நிமிஷம்தான் பிடிக்கும். டைட்டில் கார்டு முடியுறதுக்குள்ள டிஸ்க் தீர்ந்துடும்.

அதனால் படத்தைச் சுருக்கியே ஆக வேண்டும். எப்படி? ஒருவர் நின்று பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் மாறுவதில்லை. அதை நொடிக்கு 25 தடவை எழுதுவது வீண். முதலில் ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களுக்கு எது மாறியது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களையும் கொஞ்சம் விட்டுவிடலாம். இப்படிச் சுருக்கி, பிறகு விரிக்கும் முறைக்குக் 'கோடெக்' என்று பெயர். டிவிடியில் இருப்பது எம்பெக்-2. 2003-ல் வந்த எச்.264 அதைவிட நன்றாகச் சுருக்கும்.

நம்ம ஊர் தொழிலை வைத்தே இதைச் சொல்லலாம். பச்சைத் தோலை அப்படியே தூர ஊருக்கு அனுப்பினால் அழுகிவிடும். அதனால் உப்புப் போட்டுத் தண்ணியை எடுத்து அனுப்புகிறார்கள். வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ ஷாப்புக்கு வந்த பிறகு தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். உப்புப் போட்ட தோலுக்கு ஒரு மாதிரி ஊறல், வெயிலில் காய்ந்த தோலுக்கு வேறு மாதிரி ஊறல். எப்படிக் காய வைத்தார்கள் என்று தெரியாதவன் கையில் தோல் கெட்டுப் போகும். படமும் அப்படித்தான். எந்த முறையில் சுருக்கினார்களோ அந்த முறை தெரிந்த பெட்டிதான் அதை விரிக்க முடியும்.

2. பெட்டி வேறு, சரக்கு வேறு

கன்டெய்னர் என்றால் ஆம்பூர்க்காரர்களுக்குச் சென்னைத் துறைமுகம் போகும் லாரிதான் ஞாபகம் வரும். வீடியோவிலும் கன்டெய்னர் உண்டு. ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என்று ஃபைல் பெயரின் கடைசியில் பார்க்கிறோமே, அவையெல்லாம் கன்டெய்னர்கள்தான்.

ஒரு ஷூ பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இடது கால் ஷூ, வலது கால் ஷூ, கூட ஒரு காகிதம். அதுபோல எம்.கே.வி. பெட்டிக்குள் படம் தனியாக, ஒலி தனியாக, சப்டைட்டில் தனியாக இருக்கும். மேலே ஒட்டிய லேபிளைப் பார்த்து உள்ளே இருப்பது எந்தத் தோல் என்று சொல்ல முடியாது. ஒரே மாதிரி இரண்டு ஏ.வி.ஐ. ஃபைலில் ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. காரணம் உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

ஒரு ஃபைல் ஓடவில்லை என்றால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பெட்டியைத் திறக்கத் தெரிகிறதா? படத்தின் கோடெக் தெரியுமா? ஒலியின் கோடெக் தெரியுமா? மூன்றில் ஒன்று தவறினாலும் ஓடாது, அல்லது ஊமைப் படமாக ஓடும்.

3. பிளேஸ்டேஷன் சொல்லும் பாடம்

சோனி கம்பெனியின் முதல் பிளேஸ்டேஷன் பாட்டு சி.டி.யை வாசித்தது. 2000-ல் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி படம் காட்டியது. அதை டிவிடி பிளேயராகவே வாங்கியவர்களும் ஏராளம். 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3, இந்தியாவில் 2007-ல் விற்பனைக்கு வந்தது. அதில் புளூ-ரே டிரைவ் இருந்தது.

பிளேஸ்டேஷன் 3-ன் உள்ளே இருந்த புராசஸருக்குச் 'செல்' என்று பெயர். சோனி, தோஷிபா, ஐ.பி.எம். மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். ஒரு மேஸ்திரியும் ஏழு வேலையாட்களும் மாதிரி, ஒரு முக்கிய மையமும் ஏழு துணை மையங்களும். மலிவான டிவிடி பிளேயரில் எம்பெக்-2 விரிப்பதற்கென்றே செய்த சிப் இருக்கும். புதிய முறை வந்தால் அதால் ஒன்றும் செய்ய முடியாது. 'செல்' போன்ற புராசஸரோ எந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாலும் போடும். அதனால்தான் அப்டேட் மூலமே புதுப் புது வேலைகளைக் கொடுக்க முடிந்தது.

2007 மே மாதம் வந்த 1.80 அப்டேட்டில், டிவிடி படத்தை எச்.டி. டிவிக்கு ஏற்றபடி பெரிதாக்கிக் காட்டும் வசதியும், வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை நெட்வொர்க் வழியாகப் பார்க்கும் வசதியும் வந்தன. அதே வருஷம் டிசம்பரில் 2.10 வந்தது. டிவெக்ஸ் முறைப் படங்கள் அன்றிலிருந்து ஓடின. 700 மெகாபைட் சி.டி.யில் ஒரு முழு சினிமாவை அடக்கிய முறை அதுதான். 2010 செப்டம்பரில் 3.50 அப்டேட் புளூ-ரே முப்பரிமாணப் படத்தைக் காட்டியது. பெட்டி அதே பெட்டி, வயர் அதே வயர். மாறியது பிளாஷ் மெமரியில் எழுதப்பட்ட சாஃப்ட்வேர் மட்டுமே.

புதியது என்றால் எல்லாம் கூடுதலாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது பழைய பெட்டி செய்த வேலைகளில் சில அதில் இல்லை. பென்டிரைவில் இருக்கும் சினிமாவைப் பார்க்க 2015 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் மீடியா பிளேயர் வந்தது, அதில் எம்.கே.வி.யும் ஓடியது.

4. தெரியாமல் இல்லை, அனுமதி இல்லை

பெட்டிக்குப் பலம் இருந்தும் ஒரு படம் ஓடாமல் போகலாம். காரணம் காப்புரிமை. பல கோடெக்குகளுக்குக் கம்பெனிகள் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். 2001-ல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸில் டிவிடி டிரைவ் இருந்தது. ஆனால் டிவிடி படம் பார்க்கத் தனியாக ஒரு ரிமோட் கிட் வாங்க வேண்டும். லைசென்ஸ் செலவு அந்தக் கிட்டின் விலையில் சேர்க்கப்பட்டிருந்தது. ராஸ்பெர்ரி பை போர்டு தெரியும் அல்லவா? 2012-ல் அதற்கு எம்பெக்-2 சாவி 2.40 பவுண்டுக்குத் தனியாக விற்றார்கள். சிப்புக்குள் வசதி முன்பே இருந்தது. பணம் கட்டினால் பூட்டு திறக்கும்.

5. கொடுத்த கை எடுக்கவும் செய்யும்

அப்டேட் என்றால் நல்லதுதான் என்று நாம் நம்புகிறோம். பிளேஸ்டேஷன் 3-ல் ஆரம்பத்தில் லினக்ஸ் போட்டுக்கொள்ளும் வசதி இருந்தது. அமெரிக்க விமானப் படையின் ஆராய்ச்சிக் கூடம் 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளைச் சேர்த்து 2010-ல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே அமைத்தது. ஆனால் அதே 2010 ஏப்ரல் 1-ல் வந்த 3.21 அப்டேட் அந்த வசதியை எடுத்துவிட்டது. அப்டேட் போட்டால் லினக்ஸ் போகும், போடாவிட்டால் ஆன்லைன் விளையாட்டு போகும். வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். பல வருஷம் நடந்து, கடைசியில் நஷ்டஈட்டுச் சமரசத்தில் முடிந்தது. 2008 ஜூலையில் வந்த 2.40 அப்டேட்டோ சில பெட்டிகளை இயங்காமல் செய்ததால் உடனே திரும்பப் பெறப்பட்டது. சில நாளில் 2.41 வந்தது.

நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டி என்ன செய்யும் என்பதை வேறொருவர் எழுதும் சாஃப்ட்வேர் தீர்மானிக்கிறது. இன்று செல்போன், டிவி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

6. இது எனக்கு ஏன் முக்கியம்?

எங்க தாத்தா பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். கைநாட்டுதான். குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருவன். தாத்தா நடமாடுவது, பேசுவது எல்லாம் பதிவாகியிருப்பது அத்தை மகள் கல்யாண வீடியோவில் மட்டும். பந்தியில் இலை போடச் சொல்லிச் சத்தம் போடுகிறார், பிறகு சிரிக்கிறார். மொத்தம் 40 நொடி இருக்கும்.

தாத்தா காலமாகி 16-ஆம் நாள், அந்த வீடியோவைப் பார்க்க ஆம்பூரில் மாமா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மாமா பழைய கேம் பெட்டி ஒன்று வைத்திருந்தார். பென்டிரைவ் போட்டால் 'அன்சப்போர்ட்டட் டேட்டா' என்று வந்தது. "கடைக்காரர் ஃபைல் கெட்டுப் போச்சு, அழிச்சிட்டு வேற ஏத்திக்கச் சொல்றாரு" என்றார் மாமா. அப்பா என்னிடம், "நீதான் படிச்சவனாச்சே, பாருப்பா" என்றார்.

நண்பன் லேப்டாப்பில் வி.எல்.சி. பிளேயரில் போட்டு, கோடெக் விவரம் பார்த்தேன். படம் எச்.264, ஒலி ஏ.ஏ.சி. இரண்டுமே மாமாவின் பெட்டிக்குத் தெரிந்தவை. வெளிப்பெட்டி மட்டும் எம்.கே.வி. ஷூவில் கை வைக்காமல் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச சாஃப்ட்வேரில் 'காப்பி' முறையில் எம்.பி.4 பெட்டிக்கு மாற்றினேன். மறுபடி சுருக்காததால் தரம் கொஞ்சமும் குறையாது, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஃபைல் 5 ஜிகாபைட்டுக்கு மேல் இருந்தது. பென்டிரைவில் இருந்த ஃபேட்-32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. அதனால் இரண்டாகப் பிரித்தேன். ஓடியது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. "இன்னொரு தடவை போடு" என்று மட்டும் சொன்னாங்க.

கடைப் பேச்சைக் கேட்டு அழித்திருந்தால் அந்த 40 நொடி திரும்ப வராது.

7. நினைவில் வைக்க வேண்டியவை

(அ) ஓடாத ஃபைல் எல்லாம் கெட்ட ஃபைல் அல்ல. அழிக்கும் முன் பெட்டி, படம், ஒலி மூன்றையும் பாருங்கள்.

(ஆ) பெட்டியை மாற்றுவது வேறு, கோடெக்கை மாற்றுவது வேறு. முதலாவதில் தரம் குறையாது. இரண்டாவதில் கொஞ்சம் குறையும். ஆகவே மூல ஃபைலை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

(இ) அப்டேட் போடும் முன் அதில் என்ன வருகிறது, என்ன போகிறது என்று படியுங்கள். நடுவில் கரண்ட் போனால் பெட்டி எழாமலே போகலாம். யு.பி.எஸ். இருந்தால் நல்லது.

(ஈ) கல்யாண வீடியோ, பெரியவர்கள் பேசிய பதிவு இருந்தால் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

முடிவுரை

நம்ம வீடுகளில் ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் முதலில் நம்மைத்தான் பார்க்கிறார்கள். டிப்ளமோ படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே, லேபில் படிப்பதை ஒரு தடவை வீட்டுப் பொருளிலும் செய்து பாருங்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை