சாணையின் சப்தமும் எஃகின் பதமும்

உத்திரமேரூர் ஏரிப் பாசன நிலங்களில் சம்பா அறுவடை நெருங்குங்கால், அரிவாள், மண்வெட்டி, தீவனம் வெட்டும் கத்தி முதலியவற்றைச் சாணை பிடித்து வைத்தல் வழக்கம். சில நாட்களிலேயே முனை மழுங்கினால், இரும்பு மட்டமானதென்று கொல்லர்மீது பழி கூறப்படுகிறது. பல சமயங்களில் குற்றம் இரும்பினுடையதன்று. சாணை பிடிக்கும்போது உண்டான உஷ்ணமே காரணமாகும்.

காய்ச்சித் தோய்ப்பதனால் எஃகு கடினமடைகிறது. மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்தால், மெல்லிய முனை சில விநாடிகளில் சூடேறும். சாதாரணக் கார்பன் எஃகில் ஏறத்தாழ 220 டிகிரி சென்டிகிரேடில் வெளிர் மஞ்சளும், 300 டிகிரியளவில் நீலமும் தோன்றும். நீலம் கண்டவிடத்தில் முனையின் கடினம் குறைந்துவிட்டதென்று அறிக. நீலத்தைத் தேய்த்துப் போக்கலாம். அதனால் இழந்த கடினம் திரும்பாது. ஆகவே, பளபளப்பை மட்டும் கண்டு கருவியை ஏற்றல் தகாது.

நிறம் தோன்றுமுன்னரே காது பெரும்பாலும் எச்சரிக்கும். மணிகள் கூராயுள்ள சக்கரம் 'உஸ்' என்ற சீரான சப்தத்துடன் அறுக்கும். மணிகள் மழுங்கி, முகம் கண்ணாடிபோல் வழவழப்பானால், அது அறுக்காமல் உராயும், சப்தம் 'கீச்'சென்று உயரும், உஷ்ணமும் மிகும்.

பெருந்தொழிற்சாலைகளிலும் இத்தத்துவமே பயன்படுகிறது. டிராக்டர் முதலியவற்றின் பல்சக்கரங்களைச் சாணையிடுகையில் மேற்பரப்பு வெந்துபோனால், பின்னர் வேலையின் நடுவே பல் விண்டு முறியக்கூடும். அதனைத் தடுக்க, யந்திரத்தில் ஓர் உணர்கருவியைப் பொருத்துவதுண்டு. மனிதர் செவிக்கு எட்டாத, விநாடிக்கு 20,000க்கு மேற்பட்ட உலோக அதிர்வுகளை அது கேட்கும். நல்ல பொருளின் அதிர்வுடன் ஒப்பிட்டு, மாறுதல் கண்டவுடன் வேலை நிறுத்தப்படும். இதற்கு 'அக்கூஸ்டிக் எமிஷன்' முறையென்று பெயர்.

விவசாயிகள் கைக்கொள்ள வேண்டியவை:

1. கருவியை இலேசாகப் பிடித்து, அசைத்துக்கொண்டே சாணையிடுக.

2. கைபொறுக்கும் சூட்டைத் தாண்டுமுன் தண்ணீரில் நனைத்து ஆற்றுக.

3. சப்தம் மாறினால் உடனே நிறுத்தி, சக்கரத்தின் முகத்தைச் சீர்செய்க. பேரிங் தேய்ந்தாலும் கீச்சொலி எழுமாதலால், அதனையும் சோதிக்க.

4. சந்தேகமுள்ள இடத்தில் அரம் போட்டுப் பார்க்க. மற்ற இடத்தினும் எளிதாக அரம் பிடித்தால், அவ்விடம் மென்மையாகிவிட்டது. அப்பகுதி முழுவதையும் மெதுவாகத் தேய்த்து நீக்குக. அல்லது கொல்லரிடம் மீண்டும் தோய்ச்சல் செய்விக்க.

முற்றிய கதிர் கருவிக்காகக் காத்திராது. பொதுக் கருவிகள் உள்ள கிராமங்களில், அதிகாரிகள் அறுவடைக்கு முன்பே இச்சோதனையைச் செய்வித்தல் நலம்.